கைமாத்துப் பெட்டி

கீழ்மடுவில் யாராவது இறந்துபோனால் ஊரே அடங்கிவிடும். டிவி, ரேடியோ, திருவிழாவுக்கென்று வாங்கி வைத்த ஸ்பீக்கர், புஷ்பலதா கடையில் ஓடும் மாவு மிஷின், எல்லாம் நிற்கும். எழவுச் செய்தி வந்த கையோடு ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் எழுந்துபோய் சுவிட்சைத் தட்டிவிட்டு வருவார். யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அடக்கம் முடிந்து ஆண்கள் குளித்துவிட்டுத் திரும்பும் வரை அழுகையும் கோழிச் சத்தமும்தான் கேட்கும்.

இந்த வழக்கத்துக்கு இப்போது ஒரே ஒரு விலக்கு உண்டு. கூரைமேல் பச்சை விளக்கோடு உட்கார்ந்திருக்கும் சின்னப் பெட்டியை மட்டும் யாரும் அணைக்க மாட்டார்கள். அது எப்படி வந்தது என்று கேட்டால் ஊரார் வெண்ணிலாவைக் கைகாட்டுவார்கள். வெண்ணிலாவிடம் கேட்டால், "எனக்கு வேற சோலி இல்லீங்களா" என்று கூடையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

அவளுக்குச் சோலி நிறைய இருப்பது உண்மைதான். கணவன் வெங்கடேஷ் ஏற்காட்டில் டூரிஸ்டுகளை ஜீப்பில் ஏற்றி இறக்குகிறவன். அவனுக்குச் சோறு கட்டி அனுப்பிவிட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போவாள். திரும்பி வந்து மாட்டைப் பார்ப்பாள், சொந்தக் காட்டில் களை எடுப்பாள். இதற்கெல்லாம் நடுவில்தான் ஊரின் பெட்டிகளையும் பார்த்துக்கொள்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அந்த வாயைத் தாங்கிக்கொள்ளாதவர் ஊரில் இல்லை.

வாழவந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி, காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மண்பாதையில் இறங்கினால் பள்ளத்தில் கிடக்கிறது கீழ்மடுவு. சுற்றிலும் மலை எழுந்து நிற்பதால் செல்போன் சிக்னல் அங்கே எட்டிப் பார்த்ததே இல்லை. பேச வேண்டுமானால் ரோட்டு வளைவு வரை ஏற வேண்டும். அந்த இடத்துக்குப் போன் வளைவு என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கரண்ட்டும் மழை வந்தால் போகும், காற்று வந்தால் போகும், சில நாள் ஒன்றும் வராமலேயே போகும்.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் சேலத்திலிருந்து ஒரு அறக்கட்டளை இன்டர்நெட் கொண்டு வந்தது. அதன் இன்ஜினியர் சௌமியா ஊராரைக் கோயில் முன்னால் கூட்டிவைத்துப் பொறுமையாக விளக்கினாள். கோயில் குன்றின்மேல் ஒரு பெரிய பெட்டி இருக்கும். அது ஏற்காட்டு டவரைப் பார்த்து நிற்கும். அங்கிருந்து வருவதை ஒவ்வொரு வீட்டுக் கூரைப் பெட்டியும் வாங்கி அடுத்த வீட்டுப் பெட்டிக்குக் கொடுக்கும். வயர் கிடையாது, கரண்ட்டை நம்பத் தேவையில்லை. முறம் அகலத்துக்கு ஒரு சோலார் தகடும் சின்ன பேட்டரியும் போதும். சீரோ வாட் பல்பு அளவுக்குக்கூட அது கரண்ட் குடிக்காது. யாரும் பேசவில்லை என்றால் தானே தூங்கிவிடும், கூப்பிட்டால் விழித்துக்கொள்ளும்.

ஊரார் தலையாட்டினார்கள். கீழ்மடுவில் புரியாத விஷயத்துக்குத்தான் தலை கொஞ்சம் பலமாக ஆடும். அப்போது பின்னால் உட்கார்ந்திருந்த வெண்ணிலா கேட்டாள்.

"ஏனுங்க மேடம், கெணறு தூரெடுக்கறப்ப வரிசையா நின்னு சேத்துச் சட்டியக் கைமாத்துவமே, அந்த மாதிரிங்களா?"

சௌமியா அவள் பக்கம் திரும்பினாள். "அதேதாங்க. சரி, வரிசையில நடுவுல ஒருத்தர் உக்காந்துட்டா என்ன ஆகும்?"

"சட்டி அங்கியே நின்னுருமுங்க. கீழ இருக்கறவன் மேல பாத்துத் திட்டுவான்."

சௌமியா வாய்விட்டுச் சிரித்தாள். பெட்டிகளைப் பார்த்துக்கொள்ள ஊரில் ஒருவர் வேண்டும் என்றபோது அவள் வேறு யார் பெயரையும் யோசிக்கவில்லை. பெட்டிக்கும் அன்றைக்கே பெயர் அமைந்துவிட்டது. கைமாத்துப் பெட்டி.

வெண்ணிலா அந்த வேலையைச் செய்கிற விதமே தனி. தகட்டைச் சேலைத் தலைப்பால் துடைப்பாள். பச்சை விளக்கு விட்டு விட்டு மின்னினால் பெட்டி தூங்குகிறது என்று அர்த்தம். அதைப் பார்த்துவிட்டு, "எசமான் ஊட்டுப் புள்ள மாதிரி தூங்குது பாரு" என்பாள். நெட் வரவில்லை என்று யாராவது புகார் சொன்னால் முதலில் பெட்டியைப் பார்க்க மாட்டாள். எந்த மரம் தழைத்திருக்கிறது, யார் புதிதாக வைக்கோல் போர் போட்டிருக்கிறார்கள் என்று சுற்றிப் பார்ப்பாள். பாதி நாள் காரணம் அதில்தான் இருக்கும். மீதி நாள் காரணம் ஊராரின் பாசம். ஒருத்தி திருஷ்டி படாமல் இருக்கத் தகட்டின் நடுவில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டித் தொங்கவிட்டாள். பொன்னுவேல் இன்னும் ஒரு படி மேலே போனார்.

பொன்னுவேல் பள்ளத்தின் அடியில் கடைசி வீட்டுக்காரர். வெங்கடேஷுக்குப் பெரியப்பா முறை என்பதால் வெண்ணிலாவுக்குப் பெரிய மாமா. பனிக்காலம் தொடங்கியதும் அவர் தன் சோலார் தகட்டுக்கு ஒரு யூரியா சாக்கைப் போர்த்திக் கயிறும் கட்டிவிட்டார். பெட்டி செத்துப்போனதும் வெண்ணிலா கூரையேறிப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

"என்னுங்க மாமா இது?"

"ராத்திரியெல்லாம் பனியில நனையுது கண்ணு. பாவம், குளுராதா அதுக்கு?"

மூன்று வாரம் திட்டுவதற்கு விஷயம் கிடைத்தும் அவளால் அவரைத் திட்ட முடியவில்லை. மெல்லச் சாக்கை எடுத்து மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள். அந்த மனிதர் அப்படி. மகன் சின்னராஜ் கத்தாரில் வெல்டர் வேலைக்குப் போனதிலிருந்து அந்தப் பெட்டி வழியாகத்தான் தினமும் அவன் முகத்தைப் பார்த்துவந்தார். அதனால் பெட்டியும் வீட்டில் ஒரு பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

அவ்வளவு இளகிய மனிதருக்கும் ஒரு பகை இருந்தது. சித்தப்பா மகன் மாதேஸ்வரன். இரண்டு பேர் காட்டுக்கும் நடுவில் ஒரு பலாமரம். பொன்னுவேலின் அப்பா வைத்த மரம், எல்லையை அளந்து பார்த்ததில் மாதேஸ்வரன் பக்கம் விழுந்துவிட்டது. அன்றோடு நின்றது பேச்சு. மாதேஸ்வரன் பிறகு அந்த மரத்தில் ஒரு கிளையைக்கூட வெட்ட விடவில்லை. தழைத்து வளர்ந்து அது மரத்தை ஒட்டியிருந்த அவர் வீட்டுக் கூரைமேலேயே கவிந்து, சோலார் தகட்டுக்கு வெயில் படாமல் செய்தது. "ஒரே ஒரு கொம்பக் கழிச்சு உடுங்க மாமா" என்று வெண்ணிலா கேட்டு அலுத்துவிட்டாள்.

இதில் வம்பு என்னவென்றால், பள்ளத்தின் அடியில் இருக்கும் பொன்னுவேல் வீட்டுக் கூரை மாதேஸ்வரன் கூரைக்கு மட்டும்தான் தெரியும். சட்டி அவர் கையைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். முதலில் பொன்னுவேல், "அவன் ஊட்டு வழியா வாரதுன்னா எனக்கு வேண்டாம்" என்று முறுக்கிக்கொண்டார்.

"மழைத்தண்ணியும் அவரு கூரையில உழுந்துதான் உங்க வாசலுக்கு வருது. அதையும் வேண்டாம்னு திருப்பி அனுப்பீருவீங்களா மாமா?" என்றாள் வெண்ணிலா. பக்கத்தில் நின்ற அவர் மனைவி காளியாயி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பொன்னுவேல் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

போன கார்த்திகையில் பொன்னுவேல் இறந்துபோனார். விடிகாலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனவர் அங்கேயே சாய்ந்துவிட்டார். பல நாளாக வெயிலே எட்டிப் பார்க்காத பனிமூட்டம். அந்த மூட்டத்துக்குள் காளியாயியின் குரல் மட்டும் பள்ளத்திலிருந்து மேலே ஏறி வந்தது. வெண்ணிலா அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தாள், டிவி பிளக்கைப் பிடுங்கினாள், பெட்டியின் சுவிட்சைத் தட்டினாள், ஓடினாள். எல்லோரும் அதையேதான் செய்தார்கள்.

வெங்கடேஷ் வண்டியை எடுத்துக்கொண்டு போன் வளைவுக்குப் போய்ச் சின்னராஜுக்குச் சொன்னான். திரும்பி வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது. காளியாயியின் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான்.

"லீவு வாங்கி பிளைட் ஏறி வர ரெண்டு நாள் ஆகுமாம் பெரீம்மா. அடக்கத்த நிறுத்த வேண்டாம்னு சொல்லீட்டான். ஊரு வழக்கம் அவனுக்குத் தெரியாததா. அவன் எடத்துல என்னைய நின்னு காரியம் செய்யச் சொன்னான். ஆனா எடுக்கறதுக்கு முன்னால அப்பா மூஞ்சிய ஒருக்காப் பாக்கோணுமாம்."

"வீடியோ புடிச்சு வளைவுல போயி அனுப்பீரலாமே" என்றார் யாரோ.

"நானும் சொன்னனுங்க. அவன் பேசறது அப்பா காதுல உழுவோணுங்கறான்."

காளியாயி தலையைத் தூக்கி வெண்ணிலாவைத் தேடினாள். "கண்ணு, உன்ற பொட்டி இருக்குதல்ல?"

இருக்கிறது என்றுதான் வெண்ணிலாவும் நினைத்தாள். அந்த வீட்டுப் பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டு, போனை எடுத்துச் சின்னராஜை அழைத்தாள். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. வாசலுக்கு வந்து மேலே பார்த்தாள். மாதேஸ்வரன் கூரையில் விளக்கு இல்லை. அதற்கு மேல் வீட்டிலும் இல்லை. பனிக்குள் மங்கலாகத் தெரிந்த எந்தக் கூரையிலும் பச்சைப் பொட்டு இல்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தன் வீட்டுப் பெட்டியைத் தன் கையாலேயே அணைத்துவிட்டு வந்திருக்கிறாள். சட்டியைக் கைமாத்த நின்ற வரிசை முழுவதும், செத்தவருக்கு மரியாதை என்று எழுந்துபோய்விட்டது.

உள்ளே உடலைக் குளிப்பாட்டத் தண்ணீர் சுட வைத்துக்கொண்டிருந்தார்கள். குளிப்பாட்டி, கோடி போர்த்தி, பாடை கட்டி முடித்தால் தூக்கிவிடுவார்கள். பொழுது சாய்ந்த பிறகு அந்த ஊரில் எடுப்பதில்லை.

வெண்ணிலா மேட்டைப் பார்த்து ஓடினாள். குன்றின்மேல் பெட்டி மட்டும் நல்லவேளையாக யார் கைக்கும் எட்டாமல் விழித்திருந்தது. அங்கிருந்து முதல் வீடு புஷ்பலதாவின் கடை. அவள் பாதிக் கதவை மூடி வைத்திருந்தாள்.

"பொட்டியப் போடுக்கா."

"என்ன பேச்சுடி பேசற? எழவு ஊட்டுல பாட்டு வெக்கச் சொல்ற மாதிரி?"

"பாட்டு இல்லக்கா. சின்னராஜு அப்பன் மூஞ்சியப் பாக்கோணும். நீ அணைச்சு வெச்சா அவன் வார கதவச் சாத்தி வெச்ச மாதிரி."

புஷ்பலதா எழுந்துபோய்ச் சுவிட்சைப் போட்டாள். அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் மட்டும் பிடிவாதம் பிடித்தார். அவரை வெண்ணிலா கொஞ்சம் சத்தமாகவே கேட்டாள், உங்கள் மகன் திருப்பூரில் இருக்கிறானே, அவனுக்கும் நாளைக்கு இதே கதிதானா என்று. எழவு நாளில் அப்படிப் பேசக்கூடாதுதான். ஆனால் விளக்கு எரிந்தது. பனிக்குள் ஒவ்வொரு கூரையாகப் பச்சைப் பொட்டு கீழே இறங்கி வந்து, மாதேஸ்வரன் வீட்டுக்கு மேல் வீட்டில் நின்றது.

மாதேஸ்வரன் வீட்டுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். எழவு வீட்டுக்குப் போகவில்லை. ஆனால் அடுப்பு மூட்டவில்லை, முகம் மழிக்கவில்லை, டிவியும் பெட்டியும் அணைந்திருந்தன. வெண்ணிலா அதையெல்லாம் பார்த்துக்கொண்டே வாசலில் நின்றாள்.

"பேச்சு இல்லைங்கறது வேற, எழவு வேற" என்றார், அவள் கேட்காமலேயே.

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "இந்நேரத்துக்கு என்ற கூரையில வெளக்கு எரிஞ்சா ஊரு என்ன சொல்லும்? பங்காளி செத்த அன்னைக்கு மாதேஸ்வரன் சினிமாப் பாக்கறான்னு சொல்லும். இருக்கற கெட்ட பேரு பத்தாதா?"

"ஊருக்கு நான் சொல்லறனுங்க மாமா."

"நீ சொன்னா ஆச்சா? அந்த அம்மா சொல்லோணும்."

அவள் மறுபடி கீழே ஓடினாள். காளியாயி கணவனின் தலைமாட்டில் இருந்தாள். காதோரம் குனிந்து சொன்னாள் வெண்ணிலா. காளியாயி கணவனின் முகத்தை முந்தானையால் துடைத்தாள். 

"அவரு கூரையில உழுந்து வார மழைத்தண்ணிய இத்தன வருசமா நாங்க வேண்டாங்கலியே" என்றாள். "போடச் சொல்லு."

வெண்ணிலா போய்ச் சொன்னாள். மாதேஸ்வரன் எழுந்து சுவிட்சைத் தட்டினார். ஒன்றும் எரியவில்லை. மறுபடி தட்டினார். பலாமர நிழலிலும் பனியிலும் கிடந்த தகடு ஒன்றும் கொடுக்காததால் பேட்டரி அடியோடு வடிந்துபோயிருந்தது. இதற்குத்தானே கிளையைக் கழிக்கச் சொன்னேன் என்று அவள் வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள்.

அவர்தான் முதலில் அசைந்தார். மூலையில் கிடந்த மருந்தடிக்கிற டேங்கை இழுத்து, அடியைக் கழற்றி, அதற்குள் இருந்த பேட்டரியை எடுத்தார். "போன வாரம் சார்ஜ் போட்டது. இது பத்துமா?"

"தாராளமுங்க. அதுக்கு அரை வவுறு சோறே போதும்."

பேட்டரி போதும்தான், ஆனால் இதன் முனைக்கும் கூரைப் பெட்டியிலிருந்து இறங்கும் வயருக்கும் பொருந்தவில்லை. டேப் ஈரத்தில் ஒட்டாமல் உரிந்தது. நூல் சுற்றிப் பார்த்தார்கள், நழுவியது. மாதேஸ்வரன் பேட்டரியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு வயரையும் இரண்டு கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். வெண்ணிலா வாசலில் போய் அண்ணாந்து பார்த்தாள், கூரையில் பச்சை விளக்கு எரிந்தது. விரலை லேசாக எடுத்தார், அணைந்தது. மறுபடி அழுத்தினார்.

"நீ போ சாமி" என்றார். "நான் புடிச்சுக்கறேன்."

கீழே பாடை தயாராகிவிட்டது. வெண்ணிலா மூச்சு வாங்க வந்து போனை எடுத்தாள். வட்டம் சுற்றியது. பிறகு திரையில் சின்னராஜின் முகம் வந்தது, வேலை உடுப்போடு, பின்னால் அடுக்குக் கட்டில்கள். அவள் போனை மாமாவின் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினாள். பிறகு அவர் காதருகே கொண்டுபோய் வைத்தாள். அவன் அப்பாவிடம் என்ன சொன்னான் என்பது அவளுக்குக் கேட்டது. அதை இன்றுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை, வெங்கடேஷிடம்கூட.

பேசி முடித்துவிட்டு அவன் அம்மாவைக் கூப்பிட்டான். "அம்மா, நான் குடுத்துட்டு வந்தேனே ஒரு கம்பளி, அத அப்பாவுக்குப் போத்தி உடுங்கம்மா. அங்க மஞ்சு எறங்கியிருக்குதாமே, குளுரும்."

வெண்ணிலாவுக்கு யூரியாச் சாக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. போன் ஆடாமல் இருக்க இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். காளியாயி கம்பளியைக் கொண்டுவந்து, கோடித் துணிமேல் கழுத்துவரை இழுத்துப் போர்த்தினாள்.

திரையில் சின்னராஜ் கூட்டத்தை ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். "சித்தப்பா வரலீங்களா அண்ணி?" என்றான்.

ஊரார் தரையைப் பார்த்தார்கள். எழவுக்குக்கூட வரவில்லை என்று காலையிலிருந்து முணுமுணுத்தவர்கள்தான் அவர்கள்.

"வராம இல்ல தம்பி" என்றாள் வெண்ணிலா, எல்லோருக்கும் கேட்கும்படி. "அவரு ஊட்டுப் பொட்டிக்கு பேட்டரி இல்ல. வயர ரெண்டு கையிலயும் அமுக்கிப் புடிச்சுட்டு உக்காந்திருக்கறாரு. அவரு எந்திரிச்சு வந்தா நீ போயிருவ."

சின்னராஜ் முகத்தை மூடிக்கொண்டான்.

பாடையைத் தூக்கினார்கள். வாசலில் எடுத்து, தெருவில் திரும்பும் வரை வெண்ணிலா போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். பிறகு அவனே, "போதும் அண்ணி" என்று வைத்தான்.

பெண்கள் தெருக்கோடி வரைதான் போவார்கள். தெருவின் மேல்கோடியில் இருப்பது மாதேஸ்வரன் வீடு. ஆண்கள் மேட்டில் ஏறிப் பனிக்குள் மறைந்ததும் பெண்கள் திரும்பினார்கள். திறந்த கதவு வழியே அவர் தெரிந்தார். சுவரோரம் தரையில் மடியில் பேட்டரியோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். முடிந்துவிட்டது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வெண்ணிலா பதறி ஓடப் பார்த்தாள். காளியாயி அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டுத் தானே வாசலில் போய் நின்றாள். பலாமரத்து எல்லையை அளந்த நாளுக்குப் பிறகு அவள் அந்த வாசலை மிதித்ததில்லை.

"கொழுந்தனாரே, கையெடுத்துக்கங்க" என்றாள். "பையன் பாத்துட்டான்."

அவர் நிமிர்ந்தார். கட்டைவிரல் இரண்டும் ரத்தம் செத்து வெளுத்திருந்தன. உடனே எடுக்கவில்லை.

"மூஞ்சி தெளிவாத் தெரிஞ்சுதுங்களா அண்ணி?"

"தெரிஞ்சுதுங்க."

அப்புறம்தான் கையை எடுத்தார்.